கைரோபிராக்டிக் பற்றி முதுகுவலிக்காரர்களும் விளையாட்டுப் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

அவிநாசியில் இருபது ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாள் முழுவதும் குனிந்து தைப்பவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வெளிமாநிலம் போய்விட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புபவர்கள், ஊர்க் கபடிக் குழுப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். சில ஆண்டுகளாக இவர்களில் பலர் கைப்பேசியில் ஒரே மாதிரியான காணொளியைக் காட்டுகிறார்கள். மேசையில் குப்புறப் படுத்திருப்பவரின் முதுகை ஒருவர் அழுத்துகிறார், படக்கென்று சத்தம் கேட்கிறது, எழுந்தவர் சிரிக்கிறார். அதன்பின் வரும் கேள்விகளும் ஒரே மாதிரியானவையாகவே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே தொகுத்து, பதிலையும் எழுதி வைக்கிறேன்.

நான் கைரோபிராக்டர் அல்ல. ஆனால் மூட்டுகளைக் கையால் அசைத்துக் கொடுக்கும் சிகிச்சை எங்கள் தொழிலிலும் உண்டு என்பதால், அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

"கைரோபிராக்டிக்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படின்னா என்னங்க?"

முதுகெலும்பையும் மற்ற மூட்டுகளையும் கையால் இயக்கி வலியைக் குறைக்க முயலும் சிகிச்சை முறை அது. மூட்டை அதன் இயல்பான அசைவு முடியும் எல்லைவரை கொண்டுபோய், அங்கிருந்து மிகக் குறைந்த தூரத்திற்கு மிக விரைவாக ஒரு தள்ளு தருவார்கள். கை, செயல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து அமைந்த பெயர் அது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்னும் ஊரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1895 செப்டம்பரில் இதைத் தொடங்கினார். முதன்முதலில் சிகிச்சை பெற்றவர், அவர் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரான ஹார்வி லில்லார்ட். முதுகை அழுத்தியதும் அவருக்கு மங்கியிருந்த செவிப்புலன் திரும்பியதாகப் பாமர் சொன்னார். நூற்றில் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு முள்ளெலும்பு பிசகுவதே காரணம் என்றும் அவர் எழுதினார். அந்தக் கொள்கை இன்று நிற்கவில்லை. பிரிட்டனில் இத்தொழிலை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒழுங்குபடுத்தும் மன்றமே, பிசகல்தான் நோய்களுக்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று 2010இல் அறிவித்துவிட்டது. ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றை முதுகை அழுத்திக் குணப்படுத்துவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதுகுவலிக்கு இதனால் பயன் உண்டா என்பது தனிக் கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

"அந்தப் படக்குனு சத்தம் வருதே, எலும்பு எடத்துல போயி உக்காருதுங்களா?"

இல்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழுவழுப்பான நீர் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த நீரில் கரைந்திருந்த வாயு ஒரு குமிழாகத் திரள்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் மூட்டை இழுத்து, சத்தம் எழும் கணத்தில் அந்தக் குமிழ் தோன்றுவதை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்தார்கள். ஒருமுறை நெட்டி முறித்த விரலில் ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு மறுபடி சத்தம் வராததும் இதனால்தான்.

நெட்டி முறித்தால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டும் நெட்டி முறித்து, வலக்கையை அப்படியே விட்டு, கடைசியில் இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: சத்தம் வந்ததால் வலி குறையும் என்பதில்லை, சத்தம் வரவில்லை என்பதால் சிகிச்சை வீண் என்பதும் இல்லை.

"நம்மூருல சுளுக்கு எடுக்கறதும் இதுவும் ஒன்னுதானுங்க?"

இரண்டிலும் கைதான் கருவி என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. நம் பக்கத்தில் சுளுக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் எண்ணெய் தடவித் தசையை வழித்துவிடுகிறார்கள். கால் முதலில் வெளிவந்து பிறந்தவரை விட்டு முதுகை மிதிக்கச் சொல்லும் வழக்கமும் ஊர்களில் உண்டு. பதமாக வழித்துவிடுவதால் இறுகிய தசை சற்றே தளரலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் வீங்கிய கணுக்காலைப் பிடித்து இழுப்பதும், வயதானவர் முதுகில் ஏறி மிதிப்பதும் ஆபத்து. பாட்டி ஒருவரின் நொறுங்கிய முள்ளெலும்பை எக்ஸ்ரேயில் பார்த்தபின், முதுகை மிதிப்பதைப் பற்றி என்னால் சாதாரணமாகப் பேச முடிவதில்லை.

"பிசியோதெரபிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? யாரு படிச்சவங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இயன்முறை மருத்துவத்தில் உடற்பயிற்சிதான் முதன்மை. கையால் மூட்டை அசைப்பது அதற்குத் துணை. கைரோபிராக்டிக்கில் கையால் தரும் தள்ளுதான் முதன்மை. நல்ல கைரோபிராக்டர்கள் பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள்.

படிப்பில்தான் நம் நாட்டில் சிக்கல். இயன்முறை மருத்துவம் 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்திற்குள் வருகிறது. கைரோபிராக்டிக்கைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் தனி அமைப்பு இங்கே இல்லை. பெயர்ப்பலகை வைப்பதைத் தடுப்பாரும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பாடமும், அதற்குள் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் வேண்டும். சனி ஞாயிறில் நடக்கும் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. என்னிடமும் கேளுங்கள்.

"போனா இடுப்பு வலி சரியாயிருமுங்களா, ஆகாதுங்களா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

ஒற்றை வார்த்தை என்றால், ஓரளவு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே செய்து பார்க்கக்கூடியவற்றுள் வெந்நீர் ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் இயக்குவதையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: உடற்பயிற்சியோடு சேர்த்துத் தந்தால் சரி, தனியாக மட்டும் தருவது வேண்டாம் என்கிறது. நாட்பட்ட இடுப்பு வலிக்கென 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பயிற்சி, அறிவுரை ஆகியவற்றோடு இதற்கு ஓர் இடம் உண்டு.

என் அனுபவத்தில் இதன் பயனை இப்படிச் சொல்வேன். கையால் இயக்கிய பிறகு சில மணி நேரமோ சில நாட்களோ வலி தணிந்து, குனியவும் திரும்பவும் உடல் இடம் கொடுக்கும். அந்த இடைவெளியில் நடையும் பயிற்சியும் தொடங்கினால் பலன் நிலைக்கிறது. தொடங்காவிட்டால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே வலி.

"எம்.ஆர்.ஐ.ல ஜவ்வு விலகியிருக்குன்னு எழுதியிருக்காங்க. அதை உள்ளே தள்ளி விட முடியாதுங்களா?"

முடியாது. தள்ள வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. நாம் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க், இரண்டு முள்ளெலும்புகளோடும் இறுக ஒட்டியிருக்கிறது; சோப்புக்கட்டி போல வழுக்கி வெளியே வராது. அதன் அமைப்பை நுங்கோடு ஒப்பிடலாம், வெளியே உறுதியான நார்வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பைத் தொட்டால் காலுக்கு இறங்கும் வலி வருகிறது. பிதுங்கிய கூழைக் கையால் திருப்பி அனுப்பும் வித்தை எதுவும் இல்லை. ஆனால் உடலே அதை மெல்ல மெல்ல அரித்துக் கரைக்கிறது. பலருக்குச் சில மாதங்களில் பிதுக்கம் சுருங்கிவிடுகிறது.

அறிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் படங்களை அலசி 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. வலியற்ற இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் டிஸ்க்கில் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதைப் போல அதுவும் வயதின் அடையாளம். வலியின் கதையையும் காலின் வலுவையும் பார்த்த பிறகே படத்தைப் பார்க்க வேண்டும்.

"எப்போ போகவே கூடாதுங்க?"

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். சோமனூர்ப் பக்கத்திலிருந்து நாற்பது வயதுத் தறிக்காரர் ஒருவர் மாலையில் வந்தார். இடுப்பு வலி இரண்டு வாரமாக. அதற்குள் ஓரிடத்தில் இரண்டு முறை முதுகை முறுக்கி நெட்டி எடுத்துவிட்டிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "நேத்துல இருந்து ஒன்னுக்கு நின்னா சீக்கிரம் வர மாட்டேங்குதுங்க, தண்ணி கம்மியாக் குடிச்சிருப்பேன்." வண்டி சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பஞ்சு மேல் உட்கார்ந்த மாதிரி மரத்திருக்கிறது என்றார். மேசையில் படுக்க வைக்கவே இல்லை. அப்படியே கோவைக்கு அனுப்பினேன். அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. தண்டுவடத்தின் முடிவில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் சிறுநீரின் கட்டுப்பாடு திரும்பாமலே போயிருக்கலாம். முன்பு போன இடத்தில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆகவே, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், தொடை இடுக்கு மரத்துப்போனாலும், காலில் வலு குறைந்து நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலையில் காய்ச்சல், எடைக்குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோயோ வேறு நோயோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல, நம் நாட்டில் முதுகெலும்பிலும் அதைப் பார்க்கிறோம். முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், எலும்பு மெலிந்த முதியோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் யாரையும் முதுகில் கைவைக்க விடக் கூடாது.

"முடி வெட்டற கடையில கழுத்தைத் திருப்பி விடறாங்க, சொகமாத்தானுங்க இருக்குது. அதுல என்ன தப்பு?"

கழுத்து இடுப்பைப் போன்றதல்ல. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள், கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. தலையைச் சட்டென்று திருப்பி இழுக்கும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இது அரிது. ஆனால் இளம் வயதினருக்கும் நேர்ந்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தமனி முன்பே கிழிந்திருப்பதால்தான் சிலருக்குக் கழுத்து வலியே வருகிறது, அந்த வலிக்காகத்தான் அவர்கள் கழுத்தைத் திருப்பிவிடச் சொல்கிறார்கள். எனவே ஒவ்வொரு நிகழ்விலும் பழி கைக்கு மட்டும் உரியது என்று சொல்லிவிட முடியாது.

படித்த கைரோபிராக்டர் இதையெல்லாம் கேட்டறிந்த பிறகே கழுத்தைத் தொடுவார். முடிதிருத்துபவர் தன் தொழிலில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இதற்குப் பயிற்சி பெற்றவர் அல்ல. தலை மசாஜோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். காணொளிகளில் காட்டுவது போலத் தாடைக்கடியில் பட்டையைக் கட்டித் தலையை வெடுக்கென்று இழுப்பதை எவரிடமும் செய்துகொள்ள வேண்டாம். கழுத்தைத் திருப்பிய பின் தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், விழுங்க முடியாமை, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108க்கு அழையுங்கள்.

"கபடியில கால் மடங்கிருச்சுங்க. இன்னைக்கே எடுத்து விட்டா ஞாயித்துக்கெழம ஆடலாமுங்களா?"

கணுக்கால் என்றால் முதலில் எலும்பைப் பாருங்கள். 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த எளிய விதி ஒன்று இருக்கிறது: அடிபட்டவுடனும் பிறகு மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அல்லது கணுக்காலின் இரு பக்கமும் துருத்தும் எலும்பின் பின் விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் யாரும் இழுக்கக் கூடாது. முறிவு இல்லை என்றாலும் கிழிந்த தசைநாரை எந்தத் தள்ளும் ஒட்டவைக்காது. இறுகிய மூட்டைப் பின்னர் தளர்த்த மட்டும் அது உதவலாம். அடிபட்ட காலை மட்டும் ஊன்றி வலியில்லாமல் பத்து முறை குதித்துக் காட்டும் பிள்ளையை நான் ஆடுகளத்துக்கு விடுகிறேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கட்டும்.

முழங்கால் இன்னும் கவனத்துக்குரியது. பாடிப் போனவன் பிடிபட்டுத் திரும்பும்போது முழங்காலுக்குள் படக்கென்று கேட்டு, இரண்டு மணி நேரத்திற்குள் முட்டி பூசணிக்காய் போல வீங்கினால், உள்ளே முன் சிலுவை ஜவ்வு (ஏ.சி.எல். என்னும் தசைநார்; முதுகின் டிஸ்க் அல்ல) கிழிந்திருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டாவது கேள்வியில் சொன்ன சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு. இதற்கு எலும்பு மருத்துவரே முதல் படி. தோள்பட்டை இறங்கிவிட்டாலும் மைதானத்திலேயே இழுத்துப் பூட்ட முயலாமல், கையை நெஞ்சோடு கட்டி அழைத்துப் போங்கள்.

"பையனுக்குப் பதினாறு வயசு, வேகப்பந்து போடறான். ரெண்டு மாசமா எடது பக்கம் இடுப்பு வலி. நெட்டி எடுத்தா சரியாகுமுங்களா?"

இளம் பந்துவீச்சாளருக்கு ஒரு பக்க இடுப்பு வலி என்றால் முள்ளெலும்பின் பின்புற வளைவில் அழுத்த முறிவு இருக்கிறது என்று சந்தேகித்தே நான் தொடங்குகிறேன். பந்தை விடும் கணத்தில் உடல் பின்வளைந்து, சாய்ந்து, முறுகி, அத்தனை பாரமும் அந்த மெல்லிய எலும்பில் இறங்குகிறது. வலக்கைப் பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். பும்ராவுக்கு 2019இல் கீழ்முதுகில் வந்ததும் அழுத்த முறிவுதான். மயிரிழை முறிவுள்ள இடத்தில் நெட்டி எடுப்பது விரிசல் விட்ட சுவரை உதைப்பதற்குச் சமம்.

உங்கள் மகனை ஒற்றைக் காலில் நிற்க வைத்து மெதுவாகப் பின்னால் வளையச் சொல்லுங்கள். நின்ற காலின் பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்குத் துல்லியமாக வலித்தால் பந்துவீச்சை அன்றே நிறுத்துங்கள். இந்தச் சோதனை மட்டும் முடிவு சொல்லாது; சாதாரண எக்ஸ்ரேயும் தொடக்க முறிவைத் தவறவிடும்; எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். முறிவென்றால் சில மாதங்கள் ஓய்வு, பிறகு இடுப்பையும் வயிற்றுத் தசையையும் வலுவாக்கும் பயிற்சி, அதன் பிறகு எண்ணிப் பந்து வீசுதல். பள்ளிக்கு, கழகத்துக்கு, வார இறுதிப் போட்டிக்கு என்று மூன்று இடத்தில் வீசும் பிள்ளையின் பந்துகளை யாரும் மொத்தமாக எண்ணுவதில்லை. பெற்றோர்தான் எண்ண வேண்டும்.

"ஒரு கால் கட்டையா இருக்குதுன்னு சொல்லி, இருபத்தஞ்சு தடவை வரணும், பணத்தை முன்னாடியே கட்டணும்னாங்க. கட்டலாமுங்களா?"

கட்ட வேண்டாம். படுத்திருக்கும் ஒருவரின் குதிகால்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால், இடுப்பு சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு கால் கட்டையாகத் தெரியும். தள்ளிய பிறகு அதே கால் சமமாகத் தெரிவதும் அந்தச் சாய்வு மாறுவதால்தான். சிறிதளவு உண்மையான நீள வேறுபாடு பெரும்பாலான மனிதர்களுக்கு உண்டு, அதனால் வலி வருவதில்லை.

நான்கு முதல் ஆறு முறைக்குள் நடையிலோ தூக்கத்திலோ வேலையிலோ தெரியும்படியான முன்னேற்றம் இல்லை என்றால் அந்தச் சிகிச்சை உங்களுக்கு ஒத்துவரவில்லை. காரணத்தை மறுபடி தேட வேண்டும். வலி போன பின்னும் "பராமரிப்புக்கு" மாதாமாதம் வரச் சொல்வது பெரும்பாலோருக்குத் தேவையற்றது.

"செஞ்சுக்கிட்ட அடுத்த நாள் ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிச்சுது. ஏதாவது ஆயிருச்சுங்களா?"

இல்லை, ஓரிரு நாள் அந்த இடத்தில் நோவதும் அசதியும் வழக்கம். மூன்றாம் நாளும் குறையாமலிருந்தாலோ, புதிதாகக் காலில் மதமதப்பு வந்தாலோ, "எப்போ போகவே கூடாது" என்ற கேள்விக்கான பதிலை மறுபடி படித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"மாசமா இருக்கறவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் பண்றாங்களே?"

கர்ப்பிணிகளுக்கு இடுப்பு வலி மிகச் சாதாரணம். நடை, பயிற்சி, படுக்கும்போது கால்களுக்கிடையில் தலையணை என்பவையே முதலில். மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலின்றி வேறொன்றும் வேண்டாம். கைக்குழந்தையின் அழுகைக்கும் வயிற்று வலிக்கும் முதுகெலும்பை அழுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

"தறி ஓட்டறோம், லாரி ஓட்டறோம். ஓய்வெடுன்னா சோத்துக்கு என்னங்க பண்றது?"

ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பது முதுகைப் பலவீனமாக்கும். வலியோடு கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே நல்லது. வேலையைச் செய்யும் விதத்தில்தான் மாற்றம் வேண்டும். பாவு பீமை, அதாவது பாவு நூல் சுற்றிய உருளையை, ஒருவராகத் தூக்காதீர்கள், இருவர் பிடியுங்கள். இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை வயிற்றோடு ஒட்டித் தூக்குங்கள். தையல் மேசையில் இருப்பவர்கள் அரை மணிக்கொரு முறை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்து ஐந்து முறை பின்வளையுங்கள். எட்டு மணி நேரம் வண்டியின் அதிர்வில் உட்கார்ந்து வந்த ஓட்டுநர், இறங்கியதும் சரக்குக்குக் கைகொடுக்காமல் பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடட்டும். பெல்ட்டைப் பலர் ஆண்டுக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நாட்பட்ட வலிக்குப் பெல்ட்டும் வேண்டாம், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிறது.

நடமாட முடியாத முதியோர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

"எங்கண்ணன் ஒரே தடவை போனாரு, அன்னைக்கே எந்திரிச்சு நடந்தாரு. நீங்க இத்தனை சொல்றீங்களே?"

உங்கள் அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. திடீரெனப் பிடித்துக்கொண்ட முதுகு ஒரே தள்ளில் தளர்ந்ததை நானும் என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதாக வந்த இடுப்பு வலியில் பெரும்பகுதி, எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் யாரும் சிகிச்சைக்குப் போகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு வருவது இறக்கம்தான். அன்று எண்ணெய் தடவியவர் எண்ணெயால் என்பார், ஊசி போட்டவர் ஊசியால் என்பார், நெட்டி எடுத்தவர் நெட்டியால் என்பார். எவரும் பொய் சொல்லவில்லை.

அண்ணனைப் பார்க்கும்போது இரண்டு விவரம் கேட்டு வாருங்கள். அதற்குப் பிறகு இந்த ஓராண்டில் வலி எத்தனை முறை திரும்பி வந்தது? வலி இல்லாத நாட்களில் அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார்? உங்களுக்கு என்ன செய்யலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.